பூப்புகையிலையும் காய்கறித் தோட்டமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புலவர் பெருமக்கள் இலக்கியம் பேசிச் சென்ற இம்மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, புகைவண்டி நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் பதிவேடு எழுதிக் காலங்கழிக்கும் எங்களுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்கும் அதே ஐயந்தான். ஆயினும், ஆண்டுதோறும் உறுப்பினர் ஒருவர் தமக்குத் தெரிந்த ஒரு தொழிலைப் பற்றியோ ஒரு பொருளைப் பற்றியோ அரைமணி நேரம் பேசவேண்டும் என்பது நம் சங்கத்தின் மரபு. எங்களுக்குத் தெரிந்தது வீட்டுத் தோட்டம் ஒன்றே. அதிலும் ஒரே ஒரு செடியைப் பற்றிப் பேச வந்துள்ளோம். அதன் பெயர் பூப்புகையிலை.

புகைவண்டியில் பணிபுரிவோர் புகையிலையைப் பற்றிப் பேசுவது பொருத்தமே என்று நண்பர் ஒருவர் நகையாடினார். இன்று காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கு வரும் வண்டிகள் மின்சாரத்தால் ஓடுகின்றன. வண்டியில் புகை இல்லை. பெயரில் மட்டுமே இருக்கிறது. நாங்கள் பேசப்போகும் புகையிலையிலும் புகை இல்லை, பெயரில் மட்டுமே உண்டு. ஆனால் நஞ்சு உண்டு. அதனாலேயே இச்சொற்பொழிவு.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். தோட்டத்தில் நாங்கள் இருவராகவே உழைத்தோம். ஆகையால் 'நாங்கள்' என்றே பேசுகிறோம். எங்களுள் ஒருவர் மேடையில் நிற்கிறார். மற்றொருவர் மகளிர் வரிசையில் அமர்ந்து, பிழையாகச் சொன்னால் வீட்டுக்குப் போனதும் திருத்துவதற்குக் காத்திருக்கிறார்.

பூப்புகையிலை என்பது யாது? மெல்லும் புகையிலையும், பீடி சுருட்டுக்கு ஆகும் புகையிலையும் நிக்கோட்டியானா என்னும் இனத்தைச் சேர்ந்தவை. அந்த இனத்திலேயே அழகுக்காக மட்டும் வளர்க்கப்படும் செடிகளும் உண்டு. அவற்றுள் அலாட்டா என்பது ஏறத்தாழ மூன்றடி உயரம் வளரும். சில்வெஸ்ட்ரிஸ் என்பது ஆள் உயரத்தை எட்டிப் பிடிக்கும். இரண்டிற்கும் நீண்ட குழல் போன்ற பூக்கள். அலாட்டாவின் பழைய வெள்ளை வகை வெயிலில் வாடியதுபோல் குவிந்து கிடக்கும். பொழுது சாய்ந்ததும் விரியும். மல்லிகைக்குப் போட்டியாக மணக்கும். தேன் குடிக்க வரும் பெரிய அந்துப்பூச்சிகளுக்காக அச்செடி மாலையில் கடை திறக்கிறது என்று சொல்லலாம்.

இவ்வினத்துக்கு அப்பெயர் வந்த கதை சிறிது. லிஸ்பன் நகரில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ என்பவர் 1560ஆம் ஆண்டையொட்டிப் புகையிலையைத் தம் நாட்டு அரசவைக்கு அனுப்பிவைத்தார். அவர் பெயரே செடிக்கு நிலைத்தது. 1828இல் ஜெர்மனியில் இதன் நஞ்சைப் பிரித்தெடுத்தபோது அதற்கும் நிக்கோட்டின் என்று அவர் பெயரே வாய்த்தது.

நம் பக்கத்துப் பெயர் இன்னும் சுவையானது. தமிழர் புகையிலை என்றனர். தெலுங்கர் பொகாகு என்றனர். 'பொக' என்றால் புகை, 'ஆகு' என்றால் இலை. கடல்கடந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்த ஒரு செடிக்கு, அண்டை வீட்டார் இருவரும் ஒரே எண்ணத்தோடு பெயரிட்டிருக்கிறார்கள். தக்காளியும் மிளகாயும் செண்டுமல்லியும் அவ்வாறே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ஆக, நம் தோட்டத்துப் பாத்தியில் பாதிப்பேர் வந்தேறிகள். இச்சங்கத்தில் கூடியிருப்போர்க்கு இது ஆறுதலான செய்தி.

நிற்க. இச்செடி எங்கள் வீட்டுக்கு வந்த வரலாற்றைச் சொல்லுகிறோம்.

சித்தூரில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திருப்பதிக்கு மாற்றலாகி வந்தபோது, குடியிருப்பின் பின்புறம் இரண்டு சென்ட் அளவு செம்மண் நிலம் கிடைத்தது. குளியலறை நீரைத் திருப்பிவிட்டுத் தக்காளி, கத்தரி, மிளகாய், கொத்தவரை, முள்ளங்கி எனப் பயிரிட்டோம். பெங்களூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர், தக்காளியின் இடையே பூப்புகையிலையை நட்டால் பூச்சிகள் அதில் ஒட்டிக்கொண்டு சாகும், பயிர் பிழைக்கும் என்று சொல்லி ஒரு சிட்டிகை விதையைத் தாளில் மடித்துக் கொடுத்தார்.

தாளைப் பிரித்ததும் வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. காரணம் வேடிக்கையானதன்று. எங்கள் வீட்டு அம்மையாரின் தந்தையார் குடியாத்தத்தில் கைத்தறி நெய்தவர். தறிமுன் அமர்ந்த நேரமெல்லாம் வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்டு முப்பது ஆண்டுகள் கழித்தார். கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண் ஒன்று வந்தது. அது புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. கடைசி மாதங்களில் கஞ்சியும் இறங்கவில்லை. அதை அருகிருந்து பார்த்தவர் கேட்டார்: "மலைமேல் புகையிலைக்கு இடமில்லை என்று அலிபிரியிலேயே சோதித்துப் பறித்துக்கொள்கிறார்கள். மலையடியில் இருக்கிற நம் வீட்டில் அதை விதை போட்டு வளர்ப்பதா?" எங்களிடம் விடை இல்லை. இது மெல்லும் புகையிலை அன்று, பூச்செடி என்று சொல்லிச் சொல்லி ஒருவாறு இசைவு பெற்றோம். அந்த இசைவை நாங்கள் எவ்வாறு வீணாக்கினோம் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

முதலில் வளர்ப்பு முறை. புகையிலை விதை தூசிபோல் நுண்ணியது. மெல்லும் புகையிலையில் ஒரு கிராமுக்குப் பதினாயிரம் விதைகளுக்கு மேல் அடங்கும். பூப்புகையிலை விதையும் அத்தகையதே. ஆகவே மெல்லிய மணலோடு கலந்து தூவவேண்டும். மேலே மண் மூடலாகாது. ஒளி பட்டால்தான் நன்கு முளைக்கும். பூவாளி நீரும் விதையை அடித்துச் செல்லும்; தட்டில் நீர் ஊற்றி அதன்மேல் தொட்டியை வைத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறும். திருப்பதிப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை கடுமையானது. ஆகையால் புரட்டாசியில் விதைத்து, நாற்றைத் தாழ்வாரத்தில் காத்து, மழை ஓய்ந்தபின் ஓரடி இடைவெளியில் நடுவதே நலம். தை, மாசியில் பூக்கும். சித்திரை வெயிலுக்கு முன் பூத்து முடிந்துவிடும்.

நாங்கள் அம்முறையே வளர்த்தோம். நட்ட இடந்தான் தவறு. நண்பர் சொன்னபடி தக்காளி வரிசைகளின் நடுவே நட்டோம். தை பிறந்ததும் பூத்தது. அந்தி வேளையில் அண்டை வீட்டார் வேலியோரம் வந்து மணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டனர். தண்டிலும் இலையிலும் பிசின் சுரக்கும் நுண்மயிர்கள் உள்ளன. அவற்றில் கொசு போன்ற சிறு பூச்சிகளும் வெள்ளை ஈக்களும் ஒட்டிக் கருத்துக் கிடந்தன. பார்த்து மகிழ்ந்தோம். மகிழ்ச்சி ஒரு மாதம் நீடித்தது.

பிறகு தக்காளி இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுகள் தோன்றின. புது இலைகள் ஒடுங்கிச் சுருங்கின. நாற்பது செடிகளில் இருபத்தாறு செடிகள் காய்க்காமல் நின்றன. வேளாண்மை கற்ற நண்பர் ஒருவர் வந்து பார்த்து, இது தேமல் நோய் என்றார். எங்களை நோக்கி, "கத்தரிக் குடும்பத்தார் எல்லாரையும் ஒரே பாயில் படுக்கவைத்தால் ஒருவர் நோய் மற்றவர்க்கு வாராதா?" என்று கேட்டார்.

அவர் விளக்கியதன் சுருக்கம் இது. புகையிலை, தக்காளி, கத்தரி, மிளகாய் நான்கும் ஒரே குடும்பம். புகையிலைத் தேமல் நச்சுயிரி அக்குடும்பத்தில் எளிதாகப் பரவும். இந்நோயை ஆராய்ந்தபோதுதான் நச்சுயிரி என்று ஒன்று உண்டு என்பதே உலகுக்குத் தெரியவந்தது. ருஷ்யாவில் இவனோவ்ஸ்கி 1892இலும், ஹாலந்தில் பெய்ஜரிங்க் 1898இலும், பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து இந்நோய் பரவுவதைக் கண்டனர். அமெரிக்கரான ஸ்டான்லி 1935இல் அதைப் படிகமாகவே பிரித்தெடுத்துக் காட்டினார். இது பரவுவதற்குப் பூச்சி வேண்டியதில்லை, கை போதும். நோய்ச்செடியைத் தொட்ட கையால் நல்ல செடியைத் தொட்டால் வந்துவிடும். உலர்ந்த புகையிலையிலும் பல ஆண்டுகள் அழியாமல் இருக்கும். பீடி பிடித்த கையும் பொடி எடுத்த கையும் சோப்பிட்டுக் கழுவாமல் தக்காளி நாற்றைத் தொடலாகாது என்று சொல்லுவது இதனாலேயே.

எங்கள் தோட்டத்தில் பாத்தி கொத்த வந்தவர் புகையிலை மெல்லுபவர். நோய் அவர் கையால் வந்ததா, பூப்புகையிலையால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. இரண்டு வாயில்களையும் திறந்து வைத்தவர்கள் நாங்களே. நோயுற்ற செடிகளை வேரோடு பிடுங்கி எரித்தோம்.

இதனினும் பெரியதொரு நிகழ்ச்சி அதே கிழமையில் நடந்தது. அதை நினைத்தால் இன்றும் உள்ளம் நடுங்குகிறது.

எங்கள் அண்டை வீட்டில் தெலுங்கு பேசும் மூதாட்டியார் ஒருவர் இருந்தார். எங்கள் பிள்ளைகள் அவரை அவ்வா என்றே அழைப்பார்கள். எங்கள் தோட்டத்தில் கீரை பறிக்க அவருக்கு எப்போதும் உரிமை உண்டு. பிடுங்கிய பூப்புகையிலைச் செடிகளை வேலியோரம் குவித்திருந்தோம். அகன்று தளதளவென்றிருந்த இலைகளைக் கண்ட அவ்வா, நாங்கள் கீரைப் பாத்தியைக் கலைக்கிறோம் என்று எண்ணி, ஒரு முறம் நிறையக் கிள்ளிக்கொண்டு போய்விட்டார். எங்கள் வீட்டு அம்மையார் தற்செயலாக மோர் கொடுக்கச் சென்றபோது, அவ்வா அரிவாள்மணை முன் அமர்ந்து, "இதி ஏமி கூர?" என்று கேட்டாராம். அஃதாவது, இது என்ன கீரை என்று. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. பேரப்பிள்ளைகள் இருவர் பள்ளியிலிருந்து வரும் நேரம்.

அம்மையார் முறத்தைப் பிடுங்கிக்கொண்டு ஒரே சொல் சொன்னார்: "பொகாகு!" அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. கீரைக்குத் தெலுங்கில் ஆகுகூர என்று பெயர். இதிலும் ஆகு, அதிலும் ஆகு. முன்னே நிற்கும் 'பொக' என்னும் இரண்டு எழுத்து அன்று இரண்டு பிள்ளைகளைக் காத்தது.

இந்த அச்சம் கற்பனையன்று. மரப்புகையிலை என்னும் இவ்வினச் செடியின் இலையைக் கீரை என்று சமைத்துண்டு மக்கள் இறந்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. நிக்கோட்டின் இலையில் மட்டுமன்றிச் செடி முழுவதிலும் உண்டு. வேரில் உண்டாகி மேலே ஏறுகிறது. புகையிலைத் தண்டின்மேல் தக்காளியை ஒட்டுக்கட்டினால் அந்நஞ்சு தக்காளிக்கும் ஏறும். ஈரமான புகையிலையைப் பறிக்கும் தொழிலாளர்க்குத் தோல் வழியாகவே அது உடலில் புகுந்து, வாந்தியும் தலைசுற்றலும் வருவதுண்டு.

அன்று மாலை, குவியல் முழுவதையும் எரித்தபின் நாங்கள் இருவரும் திண்ணையில் அமர்ந்திருந்தோம். இனி இச்செடி இவ்வீட்டில் இல்லை என்று நாங்களே சொன்னோம். அம்மையார் சொன்ன விடை எதிர்பாராதது. "செடிமேல் குற்றமில்லை. பூச்செடி, பூச்செடி என்று சொல்லிப் பெயரை மறைத்தோம், அதுதான் குற்றம். என் தந்தைக்கும் இப்படித்தான் மறைத்தார்கள். பாக்கு என்றார்கள், தாம்பூலம் என்றார்கள்; நஞ்சு என்று ஒருவரும் சொல்லவில்லை. வளர்ப்பதானால் பெயரைச் சொல்லி வளர்ப்போம்" என்றார்.

அதன்பின் வளர்த்துவரும் முறையையே இன்று உங்கள் முன் வைக்கிறோம். பூப்புகையிலை எங்களிடம் இப்போது தொட்டியில் இருக்கிறது; நான்கே தொட்டிகள். தக்காளி, கத்தரி, மிளகாய் இருக்கும் பக்கத்திற்கு எதிர்மூலையில், முள்ளங்கிக்கும் கொத்தவரைக்கும் அப்பால் நிற்கிறது. கீரைப் பாத்தியின் அருகில் வைப்பதில்லை. தக்காளி வேலையை முடித்தபின்னரே அதைத் தொடுவோம். தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுவோம். காயும் செடியை எருக்குழியில் போடுவதில்லை. ஒவ்வொரு தொட்டியிலும் தகரப் பலகையில் தமிழிலும் தெலுங்கிலும் 'புகையிலை, நஞ்சு, தொடாதீர்' என்று எழுதியிருக்கிறோம். எழுத்தர் வேலை அங்கேனும் பயன்பட்டது.

அப்படியானால் காய்கறிக்குத் துணை யார்? ஆராய்ந்து கண்ட துணைகள் வேறு உண்டு. தக்காளிக் காய்ப்புழுவுக்குப் பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் காட்டிய வழி, பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசைச் செண்டுமல்லி. தெலுங்கர் பந்திப்பூ என்பார்களே, அதுதான். நாற்பது நாள் செண்டுமல்லி நாற்றையும் இருபத்தைந்து நாள் தக்காளி நாற்றையும் ஒரே சமயத்தில் நட்டால் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லியை நாடி முட்டையிடும். அதன் வேர் மண்ணிலுள்ள நூற்புழுவையும் குறைக்கும்.

நிலக்கடலையைத் தின்னும் ஒரு புழுவுக்கு நம் மாவட்டத்து உழவர் பொகாகு லத்தெ புருகு, அஃதாவது புகையிலைப் புழு, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஆமணக்கு என்றால் உயிர். வரப்போரம் ஆமணக்கு நட்டு, இலையடியில் குவியலாக இடும் முட்டைகளைக் கிள்ளி அழித்தால் பயிர் தப்பும். கோதாவரிக் கரையில் புகையிலை நாற்றங்காலையே ஆமணக்கு நட்டுக் காக்கிறார்கள். புகையிலைக்கே துணை தேவைப்படுகிறது என்றால் பாருங்கள்!

பூப்புகையிலை சிறு பூச்சிகளை ஒட்டவைப்பது மெய். ஆனால் பயிருக்கு நன்மை செய்யும் நுண்ணிய குளவிகளும் அதே பிசினில் மாட்டிச் சாகின்றன. மணத்துக்கு வரும் பெரிய அந்துப்பூச்சி தேன் குடித்துவிட்டு, அருகிலுள்ள சர்க்கரைவள்ளிக் கொடியில் முட்டையிட்டுப் போகவும் கூடும். அதன் குஞ்சு கொம்புள்ள பெரும்புழு. நான்கு செடிகள் ஒரு தோட்டத்தைக் காக்கும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

புகையிலைக் கஷாயம் தெளிப்பதைப் பற்றியும் ஒரு சொல். ஆந்திர மாநிலத்தில் 2016 முதல் பரவிவரும் இயற்கை வேளாண்மையில், கோமூத்திரத்தில் வேம்பும் மிளகாயும் பூண்டும் புகையிலையும் இட்டுக் காய்ச்சும் அக்னியஸ்திரம் என்னும் கரைசல் உண்டு. அதைக் கையாளுவோர் கையையும் கண்ணையும் மூடிக்கொள்ளவேண்டும். இயற்கையில் விளைந்தது என்பதால் நஞ்சு அமுதமாகாது. நிக்கோட்டின் சல்பேட் என்னும் பூச்சிமருந்தை உள்நாட்டில் பயன்படுத்தலாகாது என்று 1992இலேயே இந்திய அரசு தடுத்துவிட்டது. பிள்ளைகள் உள்ள வீட்டுத் தோட்டத்துக்கு வேப்பங்கொட்டைச் சாறே போதும் என்பது எங்கள் முடிவு.

முடிவுரையாக ஒன்று. சித்தூர் 1953 வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி அப்பக்கம் போயிற்று. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு நகர்ந்துகொண்டே இருக்கும். வேலிக்கு அப்பால் இருப்பவர் யார் என்பதே நம் அன்றாட வாழ்வு. துணைச்செடி எனப்படுவது உறவுச்செடி அன்று என்பதைத் தோட்டம் எங்களுக்குக் கற்பித்தது. தக்காளிக்குப் புகையிலை உறவு, செண்டுமல்லி துணை. உறவு நோயையும் பகிர்ந்துகொள்கிறது. துணை வரும் புழுவைத் தான் ஏற்றுக்கொள்கிறது. நம் மொழியை வீட்டில் காப்போம். அண்டை வீட்டாரின் மொழியில் ஆபத்துக்கு உதவும் ஒரு சொல்லையேனும் கற்றுவைப்போம். அவ்வாவின் முறத்தை எங்கள் வீட்டு அம்மையார் தமிழில் தடுக்கவில்லை.

தை மாத மாலைகளில் எங்கள் குடியிருப்புப் பக்கம் வருவோர் பூப்புகையிலையின் மணத்தை வேலிக்கு வெளியே நின்று நுகரலாம். உள்ளே வந்தால் பலகையைப் படித்துவிட்டு வாருங்கள்.